வீடு நம்மளது, மண் யாரோடது? பினாங்கு புவா பாலா கிராமம் நமக்குச் சொல்லித் தரும் பணப் பாடம்

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை, சொந்த ஊர் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் பக்கம்னு இருக்கிற பலருக்கும் ஒரு நாள் இந்தப் போன் வரும். "மழைக்கு வீடு ஒழுகுதுப்பா. இடிச்சுட்டு மாடி வச்சுக் கட்டிடலாம். நீ ஒரு லோன் போடு."

சம்பளம் வருது, சிபில் ஸ்கோர் நல்லா இருக்கு, அப்பா அம்மா ஆசைப்படுறாங்க. உடனே எவ்வளவு லோன் கிடைக்கும், இஎம்ஐ எவ்வளவு வரும்னு கணக்குப் போட ஆரம்பிச்சுடுவோம். அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. அந்த வீடு நிற்கிற மண் யார் பேர்ல இருக்கு?

"என்ன கேள்வி இது, மூணு தலைமுறையா அங்கதானே இருக்கோம்"னு நீங்க சொல்லலாம். இதே பதிலைச் சொன்ன ஒரு தமிழ்க் கிராமத்தோட கதையை முதல்ல பார்ப்போம். அதுக்கப்புறம் உங்க வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

நாகப்பட்டினத்துல ஏறி, பினாங்குல இறங்கினவங்க

மலாயாவுக்குத் தொழிலாளர்கள் கப்பல் ஏறின முக்கியமான துறைமுகங்கள்ல நாகப்பட்டினமும் ஒண்ணு. கங்காணி ஊர் ஊரா வந்து ஆள் சேர்ப்பார். நாகையில ஏறினா வங்காள விரிகுடா தாண்டி பினாங்கு. டெல்டாவுல இன்னைக்கும் பெரியவங்க பேர் சொல்லிப் பேசுற 'ரஜூலா' கப்பல் 1926-ல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு பல வருஷம் அது ஓடுச்சு. தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புறதை 1938-ல் இந்திய அரசு நிறுத்திடுச்சு. ஆனா அதுக்குள்ள லட்சக்கணக்கான தமிழர்கள் அங்கே குடியேறியிருந்தாங்க.

தோட்டத்துல வேலை கிடைச்சா, தங்க இடமும் தோட்ட முதலாளியே கொடுப்பார். வேலை இருக்கிற வரைக்கும் வீடு. இந்த நிபந்தனையை மனசுல வச்சுக்கோங்க, கதை முழுக்க இதைச் சுத்தித்தான் போகும்.

பினாங்குத் தீவுல குளுகோர் பகுதியில பிரவுன் குடும்பத்துக்குப் பெரிய தோட்டம் இருந்துச்சு. அங்கே வேலை பார்த்த தமிழர்களோட வழிவந்தவங்க இருந்த இடம்தான் கம்போங் புவா பாலா. 'புவா பாலா'ன்னா மலாய் மொழியில ஜாதிக்காய். தோட்ட வேலை போன பிறகு மாடு வளர்த்து, பால் கறந்து வித்தாங்க. மாடும் மரமுமா இருந்ததால, அமெரிக்க டிவி தொடர் ஒண்ணோட பேரை வச்சு 'ஹை சாப்பரால்'னு அதைக் கூப்பிட்டாங்க. சுத்தி நகரம் வளர்ந்துச்சு, அடுக்குமாடிகள் வந்துச்சு. நடுவுல ஏறக்குறைய 300 பேரோட அந்தக் கிராமம் மட்டும் அப்படியே இருந்துச்சு.

நகரம் வளர்ந்தா நிலத்தோட விலையும் ஏறும். விலை ஏறினா, பேப்பர் யார்கிட்ட இருக்குன்னு கேட்க ஒருத்தர் வருவார்.

2009-ல் என்ன நடந்துச்சு?

காலப்போக்குல அந்த நிலம் மாநில அரசோட கைக்கு வந்திருந்துச்சு. அரசு அதை அரசு ஊழியர்களோட கூட்டுறவுச் சங்கம் ஒண்ணுக்கு மாத்திக் கொடுத்துச்சு. சங்கம் ஒரு கட்டுமான நிறுவனத்தோட சேர்ந்து, அங்கே வீட்டுத் திட்டம் கட்ட முடிவு பண்ணுச்சு.

கிராமத்து மக்கள் நீதிமன்றம் போனாங்க. "பிரவுன் குடும்பம் இந்த இடத்தை எங்களுக்காக அறக்கட்டளையா விட்டுட்டுப் போனது, பல தலைமுறையா இங்கேதான் இருக்கோம்"ங்கிறது அவங்க வாதம். முதல்ல உயர் நீதிமன்றத்துல சாதகமான தீர்ப்பு வந்துச்சு. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாத்திடுச்சு. அதுக்கு மேல இருக்கிற கூட்டரசு நீதிமன்றமும் மக்களுக்குக் கை கொடுக்கலை. அந்த வருஷம் செப்டம்பர்ல வீடுகள் இடிக்கப்பட்டன.

பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஈரடுக்கு வரிசை வீடு தரச் சம்மதிச்சாங்க. அதை ஏத்துக்கிட்ட குடும்பங்களும் உண்டு, ஏத்துக்காம கடைசி வரைக்கும் நின்ன குடும்பங்களும் உண்டு. அந்த வரிசை வீடு கூட சட்டப்படி வந்த உரிமை கிடையாது. போராட்டமும் அரசியல் அழுத்தமும் வாங்கிக் கொடுத்தது. எல்லா ஊருக்கும் அந்த அளவு கவனம் கிடைக்காது.

கையில இருந்த பேப்பர் என்ன?

அவங்க சும்மா உட்கார்ந்திருக்கலை. வருஷா வருஷம் அரசுக்குக் கட்டணம் கட்டினாங்க, ரசீதும் வச்சிருந்தாங்க. ஆனா அந்த ரசீது 'தற்காலிகக் குடியிருப்பு உரிம'த்துக்கானது.

மலேசியாவோட 1965 தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் எப்படின்னா, டிசம்பர் 31-ஓட முடியும், அடுத்த வருஷம் புதுப்பிக்கணும். அடுத்தவங்களுக்கு விற்க முடியாது. உரிமம் வச்சிருக்கிறவர் இறந்துட்டா அதோட முடிஞ்சது, பிள்ளைக்கு வராது. அரசு நிலத்துல எத்தனை வருஷம் இருந்தாலும், இருந்ததை வச்சு மட்டும் உரிமை கேட்க முடியாது.

ஆக, ஐம்பது வருஷம் கட்டணம் கட்டினாலும், அது ஒரு வருஷ அனுமதியை ஐம்பது தடவை வாங்கினதா மட்டும்தான் கணக்கு.

முதல் பாடம்: பணம் கட்டின ரசீது எல்லாம் உரிமைப் பத்திரம் ஆகாது. அந்த ரசீது எதுக்காகக் கொடுக்கப்பட்டதுன்னு பார்க்கணும்.

அதே மலேசியாவுல இன்னொரு வழி: மாசம் 10 வெள்ளி

1950-கள்ல மலாயாவுல இருந்த பிரிட்டிஷ் தோட்ட முதலாளிகள் பலர் தோட்டத்தை வித்துட்டுக் கிளம்பினாங்க. வாங்கினவங்க தோட்டத்தைச் சின்னச் சின்னத் துண்டா பிரிச்சு மறுபடி வித்தாங்க. துண்டு வாங்கின சின்ன முதலாளிக்கு அத்தனை தொழிலாளி தேவையில்லை. வேலை போச்சு. வேலையோட சேர்ந்த வீடும் போச்சு. நம்ம ஆட்களுக்கு ஒரே நாள்ல ரெண்டு அடி.

அப்போ அமைச்சரா இருந்த வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். யோசனை ரொம்ப எளிமையானது. ஒரு பங்கு 100 வெள்ளி. தோட்டத் தொழிலாளியால அதை ஒரே தடவையில கட்ட முடியாது, அதனால மாசம் 10 வெள்ளி. அவரே தோட்டம் தோட்டமா போய்ப் பேசினார். இன்னைக்கு நாம எஸ்ஐபி-ன்னு சொல்றது மாதிரியான ஒரு சேமிப்பைத்தான் 65 வருஷத்துக்கு முன்னாடி பால்மரம் சீவினவங்க பண்ணினாங்க.

அடுத்த வருஷமே, 1961-ல், கெடா மாநிலத்துல இருந்த புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்குச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா இன்னும் பல தோட்டங்கள். முதலாளி வித்துட்டுப் போற நிலத்தைத் தொழிலாளிகளே சேர்ந்து வாங்கினாங்க. பத்திரம் சங்கத்தோட பேர்ல, பங்கு இவங்க பேர்ல.

புவா பாலா மக்கள் ஏமாளிகள்னு நான் சொல்ல வரலை. கூட்டா வாங்குற வாய்ப்பு எல்லாருக்கும், எல்லா இடத்துலயும் வராது. ஆனா நிலத்தை விற்கப் போறாங்கன்னு தெரிஞ்சப்போ சேமிப்பு கையில இருந்தவங்க பேரம் பேச முடிஞ்சது. விற்பனை முடிஞ்ச பிறகு கேட்டவங்களுக்கு நீதிமன்றம் மட்டும்தான் மிச்சம்.

இரண்டாவது பாடம்: மண்ணோட விலை குறைவா இருக்கும்போதும், உரிமையாளர் பேசத் தயாரா இருக்கும்போதும்தான் வாங்குற நேரம்.

கப்பல் ஏறாம ஊர்லயே இருந்தவங்க கதை

டெல்டாவுல நிலைமை ரொம்ப வேற மாதிரி இல்லை. பண்ணையில வேலை பார்க்கிறவங்க மிராசுதார் நிலத்துல ஒரு ஓரமா குடிசை போட்டுக்குவாங்க. அந்த மனைக்குப் பேர் குடியிருப்பு. கூலி கேட்டு நிமிர்ந்தா வீட்டுக்கே ஆபத்து. 1968 டிசம்பர் 25 அன்னைக்கு கீழ்வெண்மணியில 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள்ள எரிஞ்சுபோன ஊரும் நம்ம நாகப்பட்டினம் பக்கம்தான்.

இதுக்கு ரெண்டு சட்டம் வந்துச்சு. 1961-ல் வந்தது, குடியிருப்பு மனையில இருக்கிறவங்களை வெளியேத்துறதுல இருந்து பாதுகாப்புக் கொடுத்துச்சு. 1971-ல் வந்தது, அந்த மனையையே அவங்களுக்குச் சொந்தமாக்குச்சு. 1971 ஜூன் 19 அன்னைக்கு அப்படிக் குடியிருந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அந்த மனையில உரிமை வந்துச்சு.

மூணாவது பாடம் இங்கே இருக்கு. 'உன்னை வெளியேத்த மாட்டோம்'ங்கிறது வேற, 'இது உன்னுடையது'ங்கிறது வேற. முதலாவதை நம்பிக் குடியிருக்கலாம். ஆனா 15 லட்சம் கடன் வாங்கிக் கட்டடம் கட்ட ரெண்டாவது வேணும்.

உங்க குடும்பத்துக்கு 1971 சட்டப்படி மனை கிடைச்சிருந்தா, அந்த ஆவணம் எங்கே, பட்டா இப்போ யார் பேர்ல இருக்குன்னு இந்த வாரமே கேளுங்க. தாத்தா பேர்லயே நின்னுபோன பட்டாவை வாரிசுகள் பேருக்கு மாத்துறது, அவரோட பிள்ளைகள் எல்லாரும் உயிரோட இருக்கும்போது சுலபம். அடுத்த தலைமுறைக்குப் போனா கையெழுத்துப் போட வேண்டியவங்க எண்ணிக்கை கூடிக்கிட்டே போகும்.

இப்போ உங்க வீடு எந்த மண்ணுல நிக்குது?

நம்ம பக்கத்துல பொதுவா நாலு வகை இருக்கு.

1. பட்டா மனை. குடும்பத்துல ஒருத்தர் பேர்ல பட்டா, அதுக்கு மூலப்பத்திரம், இடையில வந்த கிரயம், பாகப்பிரிவினை எல்லாம் சங்கிலி மாதிரி தொடர்ச்சியா இருக்கும். இதுல தைரியமா கட்டலாம்.

2. நத்தம் மனை. ஊர்க் குடியிருப்புக்குன்னு ஒதுக்கின இடம். நத்தம் பட்டா இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா முதல் வேலை அதை வாங்குறது. வட்டாட்சியர் அலுவலகத்துல விண்ணப்பிக்கணும்.

3. அடிமனை. டெல்டாவுல கோயிலைச் சுத்தி, மடத்தைச் சுத்தி இருக்கிற தெருக்கள்ல இது சகஜம். கட்டடம் உங்களோடது, தரை கோயிலோடது. மாசமோ வருஷமோ தரை வாடகை கட்டுவீங்க.

4. புறம்போக்கு. அரசு நிலம். வாய்க்கால் கரை, குளத்தங்கரைன்னா இன்னும் சிக்கல், நீர்நிலைப் புறம்போக்குல பட்டா எதிர்பார்க்காதீங்க.

மூணாவது வகையைக் கொஞ்சம் விளக்கமா பார்க்கணும், ஏன்னா நிறைய பேர் இதை 'சொந்த வீடு'ன்னே நினைச்சுக்கிட்டு இருக்காங்க. தரையை வாடகைக்கு எடுத்து அதுல வீடு கட்டினவங்களைப் பாதுகாக்க நம்ம மாநிலத்துல 1921-லேயே நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அந்தத் தரையையே வாங்கிக்க நீதிமன்றத்துல கேட்கவும் அதுல வழி இருந்துச்சு. ஆனா 1996 திருத்தத்துல கோயில் மாதிரியான சமய நிறுவன நிலங்களை அதுல இருந்து எடுத்துட்டாங்க. 1959 அறநிலையத்துறைச் சட்டப்படி கோயில் நிலத்தை விற்கவோ, 5 வருஷத்துக்கு மேல குத்தகை விடவோ ஆணையரோட அனுமதி வேணும். 'இத்தனை வருஷம் இருந்தேன், அதனால எனக்கே'ங்கிற வாதமும் அங்கே எடுபடாது. நியாய வாடகையை 3 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தவும் சட்டத்துல இடம் உண்டு.

இதனால அடிமனையில இருக்கிறவங்க நாளைக்கே வெளியே போகணும்னு அர்த்தம் இல்லை. வாடகையை ஒழுங்கா கட்டி, பேர் மாத்தி, நிம்மதியா வாழுற குடும்பங்கள் நிறைய. ஆனா அந்த இடத்துல எவ்வளவு பணம் போடலாம்ங்கிற கணக்கு மட்டும் மாறணும்.

கணக்குப் போடலாமா?

ஒரு உதாரணத்துக்கு 15 லட்சம் ரூபாய் தேவைன்னு வச்சுக்குவோம். உங்க கைக்கு வர்ற சம்பளம் மாசம் 45,000.

பட்டா மனைன்னா வங்கி அதை அடமானமா வாங்கிக்கிட்டு வீட்டுக் கடன் தரும். 9 சதவீத வட்டி, 15 வருஷம்னா இஎம்ஐ சுமார் 15,200. சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. சமாளிக்கலாம்.

அடிமனைன்னா மண்ணு உங்க பேர்ல இல்லாததால வங்கி பெரும்பாலும் வீட்டுக் கடன் தராது. நீங்க பர்சனல் லோன் பக்கம் போவீங்க. 14 சதவீத வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 34,900. சம்பளத்துல முக்கால் பங்குக்கும் மேல. மிச்சம் 10,100-ல் சென்னையில வாடகையே கொடுக்க முடியாது.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. வங்கி 'முடியாது'ன்னு சொல்றது உங்களை அவமானப்படுத்த இல்லை. அந்த மண்ணுக்கு வங்கியோட வக்கீல் இலவசமா கொடுத்த மதிப்பீடு அது. வங்கி பணம் போடத் தயங்குற இடத்துல உங்க அஞ்சு வருஷச் சம்பளத்தைப் போடணுமான்னு யோசிங்க.

இன்னொரு விஷயம். வீட்டோட மதிப்புல ரெண்டு பாகம் இருக்கு. கட்டடம் வருஷத்துக்கு வருஷம் தேயும். மண்ணு பொதுவா விலை ஏறும். அடிமனையில கட்டும்போது தேயுற பாகம் உங்களோடது, ஏறுற பாகம் உரிமையாளரோடது. புவா பாலாவுல நடந்ததும் இதுதான். தீவுல மண்ணோட விலை ஏறின லாபம் பத்திரம் வச்சிருந்தவங்களுக்குப் போச்சு. பலகை வீடும் மாட்டுக் கொட்டகையும் புல்டோசருக்குப் போச்சு.

அப்போ என்னதான் பண்றது? என் யோசனை இது. அடிமனை வீட்டுல பாதுகாப்பா வாழ என்ன தேவையோ அதை மட்டும் பண்ணுங்க. கூரை, ஒயரிங், கழிவறை, தளம். இது ரெண்டு மூணு லட்சத்துக்குள்ள முடியலாம். பெரிய வேலைக்கு முன்னாடி கோயில் நிர்வாகத்தோட எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்க. மிச்சப் பணத்தை, அதாவது மாசம் மாசம் உங்களால முடிஞ்ச தொகையை, சொந்த மனைக்குன்னு தனியா சேருங்க. 12 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கினா, முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், அதாவது 1,08,000 ரூபாய் கூடுதலா வேணும். அதையும் சேமிப்பு இலக்குல இப்பவே சேர்த்துக்கோங்க. மனையோட மதிப்பு 10 லட்சத்துக்குள்ள இருந்து, பெண்கள் பேர்ல பதிவு பண்ணினா, 2025 ஏப்ரல்ல இருந்து பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் சலுகை இருக்கு.

லோனுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை

1. சர்வே எண். பழைய பத்திரத்துலயோ ரசீதுலயோ இருக்கும். இல்லைன்னா கிராம நிர்வாக அலுவலர்கிட்ட கேளுங்க. நகராட்சிக்குள்ளன்னா நகர சர்வே எண்.

2. பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு. அரசோட இ-சேவை இணையதளத்துலயே பார்க்கலாம். யார் பேர் வருதுன்னு பாருங்க. கோயில் பேரோ 'சர்க்கார்'னோ வந்தா அங்கேயே நிறுத்துங்க.

3. வில்லங்கச் சான்று. குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போடுங்க. பதிவுத்துறை இணையதளத்துல கிடைக்கும்.

4. ரசீதோட வகை. தீர்வை அரசுக்குக் கட்டுறது. வாடகை உரிமையாளருக்குக் கட்டுறது. வீட்டு வரியும் கரண்ட் பில்லும் நீங்க அங்கே இருக்கீங்கன்னு மட்டும்தான் காட்டும், மண்ணு உங்களோடதுன்னு காட்டாது.

5. கோயில் நிலமான்னு சந்தேகம்னா அறநிலையத்துறை இணையதளத்துல நிலப் பட்டியல் இருக்கு. அந்தக் கோயிலோட செயல் அலுவலர் அலுவலகத்துலயும் கேட்கலாம்.

6. அடிமனைன்னா வாடகை பாக்கி எவ்வளவு, ரசீது இன்னும் தாத்தா பேர்லயே வருதான்னு பாருங்க. பாக்கியைத் தீர்த்து, பேர் மாற்ற விண்ணப்பிங்க. உங்க மொத்தக் கணக்குல மலிவான பாதுகாப்பு இதுதான்.

7. புதுசா ஏதோ ஒரு 'நகர்'ல மனை வாங்குறீங்கன்னா டிடிசிபி அனுமதி எண்ணும் ரெரா பதிவு எண்ணும் கேளுங்க. 500 சதுர மீட்டருக்கு மேலயோ, 8 மனைக்கு மேலயோ போற திட்டம் ரெராவுல பதிவாகி இருக்கணும். 'பஞ்சாயத்து அப்ரூவல் சார்'னு மட்டும் சொன்னா நன்றி சொல்லிட்டுக் கிளம்புங்க.

வீட்டுல எப்படிச் சொல்றது?

இதுதான் கஷ்டமான பகுதி. "நம்ம வீடு நம்மளது இல்லை"ன்னு அப்பாகிட்ட சொல்லிப் பாருங்க, சண்டைதான் வரும். அவங்க ஆயுசு முழுக்க வாழ்ந்த இடம் அது. அதனால தீர்ப்புச் சொல்ற மாதிரி ஆரம்பிக்காதீங்க. "லோனுக்கு பேங்க்ல கேட்கிறாங்க, பேப்பரை எல்லாம் ஒரு தடவை எடுத்துப் பார்ப்போமாப்பா"ன்னு கேளுங்க. டிரங்குப் பெட்டியைத் திறக்க வைங்க. ஒவ்வொரு பேப்பரையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. எது எப்போ வந்துச்சுன்னு அவங்களே சொல்லுவாங்க. பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைச்சுடும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அரை நாள் இதுக்கு ஒதுக்குங்க. சர்வே எண், பட்டா, ரசீது, இந்த மூணும் கைக்கு வந்த பிறகு இஎம்ஐ கால்குலேட்டரைத் திறங்க. வில்லங்கச் சான்றை வரி வரியா எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.